நன்றி சொல்லும் கள்ளன்

சிவமயம்

கட்டுக்கலை,
கண்டி.
2008 ஆவணி, வெள்ளிக்கிழமை.

பாசத்துக்குரிய மச்சான் செல்லப்பாவுக்கு,

இங்கே எனது முழங்காலையும் நாட்டையும் தவிர மற்றெல்லாம் சுகம். அங்கே கனடாவில் உமக்கும் உமது மனைவி பாலாம்பிகைக்கும் அந்தப் பனியைத் தாங்கும் உடம்பைக் கட்டுக்கலைப் பிள்ளையார் தந்தருளட்டும். என் மனைவி மங்களேஸ்வரியின் ஒரே தம்பியாகிய நீர், பழைய மின்னஞ்சல் முகவரி கெட்டுப்போய்விட்டதென்று புது முகவரியிலிருந்து எழுதியது போன கிழமை கிடைத்தது. 'அன்புள்ள அண்ணா' என்று தொடங்கி, ஒரு இடத்திலும் கோபப்படாமல், 'தங்கள் மகன் இப்போது எந்த நாட்டில், எந்த விலாசத்தில் இருக்கிறார் என்று அறியத் தந்தால் என்னாலான உதவியைச் செய்வேன்' என்று முடித்திருந்தீர். மங்களம் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் தம்பிக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு ஆச்சரியம். குளிர் நாடு மனிதரைத் திருத்தும் என்று நான் சொன்னேன்.

உமது கேள்விக்குப் பதில் கீழே வருகிறது. அதற்கு முன்னால் நான் ஒரு கள்ளனை வென்ற கதையைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்தும் ஒரு பதக்கம் கிடைக்காதவன், ஓய்வு பெற்ற பிறகு வெற்றி பெற்றிருக்கிறேன். ஆகவே பொறுமையாக வாசிக்கவும். மகன் விவேகானந்தனைக் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்து, பிறகு விட்டார்கள் என்பது உமக்குத் தெரியும். விட்ட பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. அவன் இருந்த அறையைத் தேடி இலக்கத் தகடு இல்லாத வான் வந்தது. அவன் அந்த நேரம் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபடியால் தப்பினான். பாதி வெட்டிய தலையோடு நாட்டை விட்டுப் போனவன்தான். எங்கே இருக்கிறான் என்பது வெளியே தெரிந்தால் அங்கேயும் தேடி வருவார்கள் என்ற பயம் எங்களுக்கு இன்றும் இருக்கிறது. மங்களம் தெருவில் வான் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள்.

அதனால் அவனும் நானும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. நான் புஷ்பம். வத்தேகமச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு பெரியம்மா. அவன் தவமணி, என் பெறாமகள், தங்கை பெற்ற பிள்ளை. 'பெரியம்மா, மழை இல்லை, கத்தரி நல்லாய்க் காய்க்குது' என்று வந்தால் அவன் சுகம். 'பூச்சி பிடிச்சிருக்கு' என்றால் அறை மாறுகிறான். புஷ்பத்தின் பெயரில் தனிப் பெட்டி, அதற்கு வேறொருவரும் அறியாத கடவுச்சொல். என் சொந்தப் பெயரில் உள்ள பெட்டியைப் பென்ஷன் விஷயத்துக்கும் உம்மோடு பேசவும் வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஒரே ஊரில் இரண்டு குடும்பம் வைத்திருப்பவன் படுகிற பாடு எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நான் போவது மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட றிஸானா நடத்துகிற இணையக் கடைக்கு. கணவன் சவூதியில், கடை இவ கையில். ஐந்து கொம்பியூட்டர், இடையில் மறைப்புத் தட்டி, ஒரு மின்விசிறி. முதல் மாதம் நான் செய்த பிழையை உமக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். புஷ்பத்தின் பெட்டியை வாசித்து முடித்து, அதை மூடாமல், கண்ணாடியை மட்டும் மடித்துக்கொண்டு எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டேன். அடுத்ததாக அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தவர் வீரய்யா, மடுல்கெல்லைப் பக்கம் சில்லறைக் கடைக்காரர், நல்ல குரல்வளம். கடை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். "இங்க புஷ்பம்ங்கிறது யாருங்க? ஒங்க லெட்டரு தொறந்தே கெடக்கு! கத்திரியில பூச்சி பிடிச்சிருச்சாம்!" கடையிலிருந்த எல்லாத் தலையும் தட்டிக்கு மேலே எழும்பியது. புஷ்பத்தைத் தேடினார்கள். பெண் என்று பார்த்தால் றிஸானா மட்டும். வேறு வழியில்லாமல், மீசையும் திருநீறுமாக நான் கையை உயர்த்தி, "நான்தான்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் தட்டிக்குக் கீழே இறங்கியது. வீரய்யா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: "எந்திரிச்சுப் போகையில சட்டிய மூடி வச்சிட்டுப் போகணும்ங்க ஐயா. தொறந்து போட்டா பூனை வாய வைக்கும்." அன்றிலிருந்து பெட்டியை முறைப்படி பூட்டி வெளியேறி, மூடினேனா என்று இன்னொரு தரம் பார்த்து, 'என்னை ஞாபகம் வைத்திரு' என்று கொம்பியூட்டர் கேட்கிற இடத்தில் ஒரு நாளும் சம்மதம் கொடுக்காமல்தான் எழும்புகிறேன். என்னை ஞாபகம் வைத்திருக்க மங்களம் போதும்.

அடுத்தது ஒல்லாந்துக் கதை. நாங்கள் வாசிக்கிற செய்திப் பக்கம் இங்கே திறக்காமல் போய்விட்டது. திறக்காததைத்தானே மனம் தேடும்? றிஸானா ஒரு வழி காட்டினா. நேரே போகாமல் ஒல்லாந்தில் இருக்கிற வேறொரு பக்கத்தைக் கேட்டால், அது போய் வாசித்து எங்களுக்குக் கொண்டுவந்து காட்டும். செய்திக்காரனுக்கு வந்தது அம்பிகைபாகன் என்று தெரியாது. யாரோ ஒல்லாந்தில் இருந்து வந்ததாக நினைப்பான். ஆளை விட்டுப் பேப்பர் வாங்குகிற மாதிரி. "ஆனா சேர், அந்த வழியால பேப்பர் மட்டும் பாருங்க. மெயில் தொறக்க வாணாம். நடுவுல ஈக்கிற ஆள் நல்லவனா கெட்டவனா எண்டு நமக்குத் தெரியா" என்று றிஸானா கண்டிப்பாகச் சொன்னா. நானும் பேப்பர் மட்டும்தான் பார்த்தேன். ஆனால் என்னை ஒல்லாந்தன் என்று நம்பிய அந்த இணையம், செய்திக்குப் பக்கத்தில் ஒல்லாந்துச் சீஸ் விளம்பரமும், அதற்குக் கீழே பொன்முடிப் பெண்ணொருத்தி 'உங்கள் ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியதும் போட்டது. அன்று பார்த்து மங்களம் பக்கத்தில். "ஒல்லாந்தன் இலங்கையை விட்டுப் போய் எவ்வளவு காலம்? இப்ப ஏன் இவள் உங்களைத் தேடுறாள்?" என்று கேட்டாள். நான் இணையத்தின் போக்குவரத்து முறையை விளக்கினேன். வீட்டுக்குப் போகும் வரை விளக்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குச் சோறு கறி இல்லாமல் வெறும் பாண் மட்டும்தான் கிடைத்தது.

நீர் நினைப்பீர், இந்த வயதில் இந்த ஒளிப்பு மறைப்பு ஏன் என்று. மச்சான், பெயரை மறைத்து இருப்பது எங்களுக்குக் கொம்பியூட்டர் கற்றுத்தந்த வித்தை அல்ல. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெருவில் ஆட்கள் வந்து எந்த வீடு யாருடையது என்று கேட்டுக்கொண்டு வந்தபோது, எங்கள் வாசலில் நான் ஆசையாக எழுதுவித்த பெயர்ப்பலகை தொங்கியது. மங்களம் அதை இழுத்துக் கழற்றி அரிசிப் பெட்டிக்குள் புதைத்தாள். முன்வீட்டுச் சிங்கள அம்மா எங்கள் படியில் வந்து குந்திக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்து, "மே அபே கெதர" என்றா. இது எங்கள் வீடு என்று அவ சொன்ன அந்த ஒரு பொய்யில்தான் நாங்கள் இன்று உயிரோடு இருக்கிறோம். அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறையும். அன்றிலிருந்து எங்கள் வாசலில் பெயர்ப்பலகை இல்லை. தபால்காரன் இன்றும் எங்களைப் 'போர்ட் இல்லாத வீடு' என்றுதான் சொல்வான். தக்க இடத்தில் சொல்லுகிற தக்க பொய் ஆளைக் காக்கும் என்று படித்தது அன்றுதான்.

இனி வெற்றிக்கு வருகிறேன். போன மாதம் புஷ்பத்தின் பெட்டியில் ஒரு கடிதம். மின்னஞ்சல் கொம்பனியே எழுதியது போல, அதே சின்னம், அதே நிறம். 'உங்கள் கணக்கில் குழப்பம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, இன்றைக்குள் கீழே உள்ள இடத்தை அழுத்தி உறுதிப்படுத்தாவிட்டால் பெட்டி நிரந்தரமாக மூடப்படும்' என்று ஆங்கிலத்தில் மிரட்டல். பெட்டி போனால் பிள்ளை போனமாதிரி. அழுத்தினேன். பக்கம் திறந்தது. நான் நாளாந்தம் பார்க்கிற வாசல் அப்படியே. பெயர், கடவுச்சொல், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. நான் கடவுச்சொல்லின் முதல் எழுத்தைத் தட்டக் கையைத் தூக்கினேன். மங்களம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, கையை எடுங்கோ. இவன் ஆர்?"

"கொம்பனிக்காரன்."

"எந்தக் கொம்பனி? ஆற்றை ஆக்கள்? தானாய்த் தேடி வந்த சம்பந்தத்துக்கு விசாரியாமல் சாதகத்தைத் தூக்கிக் குடுக்கிற தகப்பனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

மங்களம் சம்பந்தம் விசாரிக்கிற விதம் உமக்குத் தெரியும், கண்டியில் உள்ள யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரியும். 'டொக்டர் வீட்டு ஆக்கள்' என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பகுதியை, எந்த ஊர், எந்தக் குறிச்சி, ஆருக்கு ஆர் மச்சாள் என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் டொக்டரின் வளவுக்குப் பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்தவர்கள் என்று பிடித்தவள் அவள். அவசரப்படுத்துகிற சம்பந்தம், பெட்டிக்குள் எலி செத்த சம்பந்தம் என்பாள். "இவனுக்கு ஊர், பேர் எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டாள். றிஸானா வந்து, பக்கத்தின் மேலே நீளமாகக் கிடந்த முகவரியைக் காட்டினா. வாசித்தேன். முன்னுக்குக் கொம்பனியின் பெயர் கம்பீரமாக நின்றது. "பாத்தியா, கொம்பனிதான்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு புள்ளி. பிறகு வேறேதோ சொல். பிறகு இன்னொரு புள்ளி. கடைசியில், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், டொட் கொம்மோடு ஒட்டிக்கொண்டு, வாய்க்குள் நுழையாத ஒரு பெயர்.

"உங்கடை முழுப்பேர் என்ன?" என்றாள் மங்களம்.

"சின்னத்தம்பி அம்பிகைபாகன்."

"அதிலை ஆள் ஆர்?"

"அம்பிகைபாகன்."

"சின்னத்தம்பி?"

"அப்பா."

"அப்ப முன்னுக்கு நிக்கிறது தேப்பன்ரை பேர். ஆள் கடைசியிலைதான் நிக்கிறான். முன்னுக்கு ஆரும் ஆற்றை பேரையும் போட்டுக்கொண்டு வரலாம். நான்கூட மகாராணியின்ரை பேரைப் போட்டு மங்களேஸ்வரி எண்டு எழுதலாம். அரண்மனையிலை சோறு போடுவினமோ?"

றிஸானா கையைத் தட்டிச் சிரித்தா. "அல்லாவே, அன்ரி, இத நான் எல்லாருக்கும் எத்தன தரம் வெளங்கப்படுத்திப் பாத்தன், ஒருத்தருக்கும் வெளங்கல்ல!" என்றா. நானும் அந்த வினாடிதான் விளங்கிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் என் மனைவியை நான் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

பக்கத்தை மூடச் சொல்லி றிஸானா நின்றா. அதுதான் சரி, நீரும் அப்படியே செய்யும். ஆனால் எனக்கு இரத்தம் கொதித்தது. என் பிள்ளையின் வாசலில் வந்து திறப்புச் சாவி கேட்டவனைச் சும்மா விடுவதா? பெயர் என்ற இடத்தில் ஒரு பொய்ப் பெயரைப் போட்டேன். கடவுச்சொல் என்ற இடத்தில் 'நாசமறுவான்' என்ற ஏச்சை ஆங்கில எழுத்தில், நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் தட்டினேன். பிறந்த தேதிக்கு மங்களம் ஒரு அட்டமிச் சனிக்கிழமையை எடுத்துத் தந்தாள். உண்மையான கொம்பனி என்றால் என்ன செய்யும்? 'பிழையான கடவுச்சொல்' என்று மூஞ்சியில் அடிக்கும். என்னை அது எத்தனை தரம் அடித்திருக்கிறது! இவன் என்ன செய்தான் தெரியுமா? 'நன்றி. உங்கள் விவரங்கள் உறுதிப்படுத்தப்பட்டன' என்றான். நாசமறுவானுக்கு நன்றி! மங்களம் சொன்னாள்: "உண்மையான வீட்டுக்காரன் பிழையான திறப்பைக் கண்டால் ஏசுவான். என்னத்தைக் குடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிறவன்தான் கள்ளன்." இதை ஒரு அட்டையில் எழுதி றிஸானா கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறா. கீழே மங்களேஸ்வரி என்று பெயரும் போட்டிருக்கிறா. வீரய்யா அதை வாசித்துவிட்டு எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். இப்போதும் என்னைப் 'புஷ்பம் ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார். தோற்ற பெயரல்ல அது, வென்ற பெயர்.

இனி உமது கேள்வி. இவ்வளவு பாடுபட்டுக் காத்த விஷயம் என்றாலும் சொந்த மச்சானுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? விவேகானந்தன் சென்னையில் இருக்கிறான். காமாட்சி அம்மன் கோயில் பின்தெரு, பஸ் நிற்கிற முடக்கில் இருந்து இடது பக்கம், பெரிய வேப்பமரம் நிற்கிற கட்டிடம். வாசலில் சிவப்பும் நீலமும் அடித்த பலகை தொங்கும், இரவு பகல் ஆள் இருக்கும், கதவு பூட்டுவதில்லை. யாராவது அவனைப் பார்க்கப் போவதென்றால் தயங்காமல் உள்ளே போய், மேசையில் இருப்பவரிடம் உரத்துப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். வரவேற்பு நல்லாய் இருக்கும்.

நீர் விரும்பிச் சாப்பிடுகிற பாகற்காய்க் குழம்பை மங்களம் நேற்றும் வைத்தாள், உம்மை நினைத்துத்தான். பாலாம்பிகையைக் கேட்டதாகச் சொல்லவும். உமது வாசலில் எப்போதும் வெளிச்சம் இருக்கவும், அழையாதவர் அதில் நுழையாதிருக்கவும் பிள்ளையாரைக் கும்பிடுகிறோம்.

இங்ஙனம்,
உமது நலம் விரும்பும்,
சி. அம்பிகைபாகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை அனுப்பியபோது பின்குறிப்பு போடவில்லை. மறந்து அல்ல, உமது பதிலைப் பார்த்துவிட்டுப் போடுவோம் என்று மங்களம் சொன்னாள். பதில் சனிக்கிழமை காலையே வந்துவிட்டது. 'மிக்க நன்றி அண்ணா. பாலாம்பிகையும் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பாகற்காய்க் குழம்பை நினைக்க நாவூறுகிறது.'

தம்பி, நீ ஆர்? எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?

எங்கள் செல்லப்பாவின் மனைவிக்குப் பாலாம்பிகை என்று பெயர் இல்லை. என்ன பெயர் என்று உனக்குச் சொல்லவும் மாட்டேன். பாகற்காயைக் கண்டால் அவன் கோப்பையோடு எறிவான். என்னை அவன் பிறந்த நாள் முதல் அண்ணா என்று அழைத்ததில்லை. அக்காள் புருஷனை அப்படி அழைக்க அவனுக்கு விசரா? நீ சென்னைக்கு ஆள் அனுப்பினால் அனுப்பு. நானும் மங்களமும் சிதம்பரம் கும்பிடப் போன வருஷம் இலங்கையர் என்று பதிவு செய்யப் போய் நின்ற பொலிஸ் நிலையத்தின் விலாசம்தான் மேலே இருப்பது. வேப்பமரம் உண்மை. உள்ளே போய் உரத்துக் கேட்கச் சொல்லு. புஷ்பம் புஷ்பமல்ல, றிஸானா றிஸானா அல்ல, வீரய்யாவின் ஊரும் மடுல்கெல்ல அல்ல. நாசமறுவான் மட்டும் மெய். அது உனக்கு.

இதே கடிதத்தை வெள்ளிக்கிழமை செல்லப்பாவின் பழைய முகவரிக்கும் அனுப்பியிருந்தேன். கெட்டுப்போனதாக நீ சொன்ன அதே முகவரி. அவன் பதிலும் வந்தது: 'அத்தான், உங்களுக்கென்ன மூளை கலங்கிப்போச்சோ? ஆற்றை பாலாம்பிகை? எனக்கு எந்தக் காலத்திலை பாகற்காய் பிடிச்சது? உங்களைக் கொம்பியூட்டருக்குக் கிட்டப் போகவேண்டாம் எண்டு எத்தனை தரம் சொன்னனான்! அக்காவிட்டைக் குடுங்கோ!' ஒரு வரியில்கூட நன்றி இல்லை. மங்களம் அந்த ஏச்சை அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகும் சிரித்தாள்.

எங்களுக்குப் பிள்ளை ஒன்று உண்டு. மகனா மகளா என்பது செல்லப்பாவுக்குத் தெரியும். இன்று காலையும் எழுதியது. கத்தரி நல்லாய்க் காய்க்கிறதாம்.